மைக்கூட்டிலிருந்து வந்தவர்கள்

ஃபீலிக்ஸ் என்று ஒரு கறுப்புப் பூனை. அதை வளர்ப்பவர் வேலையில்லாத நடிகர். வாய்ப்புத் தேடி அவர் ஹாலிவுட்டுக்குக் கிளம்புகிறார். பூனையைக் கூட்டிப்போக மனமில்லை. ஃபீலிக்ஸ் கொஞ்சம் யோசிக்கிறது. பிறகு உடம்பைக் குறுக்கி ஒரு கறுப்புப் பெட்டியாகிவிடுகிறது. அவரும் தன் பெட்டிதான் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார். ஹாலிவுட் போய்ச் சேர்ந்ததும் ஃபீலிக்ஸ் தன் வாலைக் கழற்றிக் கைத்தடி மாதிரி சுழற்றிக்கொண்டு சார்லி சாப்ளின் நடை நடக்கிறது. அங்கே வரும் சாப்ளின், என் சரக்கையே திருடுகிறாயா என்று கோபித்துக்கொள்கிறார். 1923-இல் வந்த, சில நிமிடங்களே ஓடும், பேச்சில்லாத கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் இது.

அங்கே யாரும் மந்திரம் போடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புகை கிளம்புவதில்லை, மின்னல் வெட்டுவதில்லை. பூனை பெட்டியாகிறது, அவ்வளவுதான். ஏன் ஆகக்கூடாது? பூனையும் மை, பெட்டியும் மை. அந்த உலகத்தில் எல்லாமே ஒரே புட்டியிலிருந்து வந்தவை. 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் வந்த கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் குறும்படங்களின் வசீகரம் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. இதுவரை அவற்றைப் பார்க்காதவர்களுக்கும், பழசு என்று தள்ளிவிட்டவர்களுக்கும், அவை எப்படி உருவாயின, எதைக் கவனித்தால் ரசிக்கலாம் என்று சொல்லிப்பார்க்கிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றி ஒரு குச்சி மனிதனை வரைந்து, தாள்களை விரலால் சர்ரென்று விட்டால் அவன் ஓடுவான். பள்ளிக்கூடத்தில் பாடம் கவனிக்காத எல்லோரும் செய்து பார்த்ததுதான். கார்ட்டூன் படமும் அதேதான். நோட்டுக்குப் பதில் ஃபிலிம். ஃபிலிமில் பதியும் தனித்தனிப் படம் ஒவ்வொன்றும் ஒரு பிரேம். பேசும் படம் வந்தபின் நொடிக்கு 24 பிரேம் என்பது வழக்கமாயிற்று. ஏழு நிமிடப் படத்துக்கு 7 × 60 × 24, அதாவது 10,080 பிரேம் வேண்டும். ஒரு சித்திரத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வைத்தால் வேலை பாதியாகக் குறையும். அப்போதும் ஐயாயிரத்துக்கு மேல். எல்லாம் கையால் வரைய வேண்டும். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். அந்தப் படங்களில் நாம் அழகு என்று ரசிக்கும் பலவும் இந்த எண்ணைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிகள்தான்.

முதலில் இதற்கு முறை என்று எதுவும் இருக்கவில்லை. 1906-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் சாக்கட்டியால் முகங்களை வரைந்து, கொஞ்சம் அழித்து, கொஞ்சம் மாற்றி, ஒவ்வொரு பிரேமாகப் படமெடுத்தார். 1908-இல் பாரிஸில் எமில் கோல் இன்னும் ஒரு படி மேலே போனார். சுமார் 700 சித்திரங்களைத் தாளில் வரைந்தார். அவற்றைப் படமெடுத்து நெகட்டிவாகவே காட்டியதால், கரும்பலகையில் வெள்ளைக் கோடுகள் ஓடுவது போல் தெரிந்தது. ‘ஃபாண்டாஸ்மகோரி’ என்ற அந்தப் படம் ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. கதை என்று ஒன்றும் கிடையாது. மதுப்புட்டி பூவாகிறது, பூவின் தண்டு யானையின் தும்பிக்கையாகிறது. ஒரு கோடு தனக்குத் தோன்றியபடியெல்லாம் வளைந்து வளைந்து போகிறது. பெட்டியாக மாறிய ஃபீலிக்ஸின் கொள்ளுத் தாத்தா இந்தக் கோடுதான்.

அப்புறம் வின்சர் மக்கே. அமெரிக்கப் பத்திரிகைகளில் படக்கதை வரைந்து பெயர் வாங்கியவர், கூடவே மேடையில் வேடிக்கை நிகழ்ச்சி நடத்துகிறவர். 1914-இல் அவர் கெர்ட்டி என்ற ஒரு டைனோசரை வரைந்தார். படம் திரையில் ஓடும். மக்கே கையில் சவுக்கோடு திரைக்குப் பக்கத்தில் நிற்பார். “வெளியே வா கெர்ட்டி” என்பார். குகையிலிருந்து கெர்ட்டி தலையை நீட்டி வரும். வணக்கம் சொல் என்பார், தலை தாழ்த்தும். சொன்ன பேச்சு கேட்காதபோது அவர் அதட்டுவார், அது அழும். இவர் நிஜ ஆப்பிளை எறிவது போலக் கையில் மறைத்துக்கொள்வார், அங்கே கெர்ட்டி வரைந்த பழத்தை வாயில் பிடிக்கும். கடைசியில் மக்கே மேடையிலிருந்து திரைக்குப் பின்னால் போய் மறைவார். அதே நொடியில் திரைக்குள் ஒரு குட்டி மக்கே தோன்றுவார். கெர்ட்டி அவரைத் தூக்கிச் சுமந்துகொண்டு நடந்துபோகும்.

இதை உட்கார்ந்து பார்த்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். எழுந்து கைதட்டியிருப்பார்களா, திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்களா? நமக்கு இன்றைக்கு எதைக் காட்டினால் அந்தத் திகைப்பு வரும் என்று தெரியவில்லை.

கெர்ட்டியில் கவனிக்க வேண்டியது அதன் மூச்சு. சும்மா நிற்கும்போதும் அதன் வயிறு ஏறி இறங்கும். அதற்காக மக்கே கடிகாரத்தை வைத்துக்கொண்டு தன் மூச்சையே அளந்து பார்த்தார். வேலை எப்படி நடந்தது என்பதுதான் மலைப்பு. அந்தப் படத்துக்குப் பத்தாயிரம் சித்திரங்கள் என்று படத்திலேயே சொல்லிக்கொண்டார்கள். மெல்லிய தாளில் ஒவ்வொரு சித்திரத்திலும் டைனோசரை மக்கே வரைந்தார். பின்னால் இருக்கும் மலையையும் ஏரியையும் பாறைகளையும் உதவியாளரான ஓர் இளைஞர் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப அச்சுப் பிசகாமல் வரைந்தார். ஆனாலும் பிசகியது. கை கைதானே. அந்தப் பிசகலால் படத்தில் பாறைகள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். கல்லுக்கும் உயிர் இருப்பது போல ஒரு சிலிர்ப்பு. யாரும் திட்டமிட்டதில்லை.

ஒருவரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து ஒரு படம் செய்வது கலைக்குச் சரி, பிழைப்புக்கு ஆகாது. தியேட்டர்காரர்களுக்குப் படம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய படம் தொடங்குவதற்கு முன் செய்திப்படம், நகைச்சுவைத் துணுக்கு, கார்ட்டூன் என்று போடுவதுதான் அன்றைய வழக்கம். அதனால் நியூயார்க்கில் ஸ்டுடியோக்கள் முளைத்தன. தாள்கள் நகராமல் இருக்கத் துளை போட்டு முளையில் மாட்டும் வழியை ராவுல் பாரே கொண்டுவந்தார். அதைவிடப் பெரிய மாற்றம் 1914-இல் ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்ட செல்லுலாய்டு தாள். அது கண்ணாடி மாதிரி தெளிவானது. பின்னணியை ஒரே ஒரு முறை வரைந்து அடியில் வைத்துவிடலாம். அசைகிற உருவத்தை மட்டும் செல்லுலாய்டில் வரைந்து மேலே அடுக்கினால் போதும். கை மட்டும் அசைகிறதா? உடம்பை ஒரு தாளிலும் கையை இன்னொரு தாளிலும் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தாளைத்தான் தொழிலில் சுருக்கமாக ‘செல்’ என்கிறார்கள்.

கூடவே வேலையும் பிரிந்தது. ஒருவர் பென்சிலால் அசைவை வரைவார். இன்னொருவர் அதன்மேல் செல்லை வைத்து மையால் கோடு இழுப்பார். மற்றொருவர் செல்லைத் திருப்பிப் போட்டுக் கறுப்பையும் வெள்ளையையும் சாம்பலையும் நிரப்புவார். கடைசியில் கேமரா மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கி, ஒரு பிரேம் எடுத்து, அகற்றி, அடுத்ததை வைத்து... நாள் முழுவதும் இதேதான். படமெடுத்து முடித்த செல்களைக் கழுவித் துடைத்து அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகக்கூடிய தாள்களைச் சிலேட்டு அழிப்பது போல அழித்திருக்கிறார்கள்.

சரி, இனி அழகுக்கு வருவோம். இந்தத் தொழிற்சாலைக்குள் வேலையைக் குறைக்க என்னென்ன செய்தார்களோ, அதெல்லாம் அந்த உலகத்தின் சட்டங்களாக மாறிவிட்டன.

ஏன் அக்காலக் கதாநாயகர்கள் பெரும்பாலும் கறுப்பு? ஃபீலிக்ஸ் கறுப்பு, ஆஸ்வால்ட் என்ற முயல் கறுப்பு, மிக்கி எலியும் கறுப்பு. ஃபீலிக்ஸை வரைந்தவர் ஓட்டோ மெஸ்மர். படங்கள் பேட் சல்லிவன் ஸ்டுடியோவில் உருவாயின, பெயரும் பல ஆண்டுகள் சல்லிவனுக்கே போயிற்று. இந்தத் தொழிலில் அது புதிய கதையில்லை. ஃபீலிக்ஸ் முழுக்கக் கறுப்பாக இருப்பதற்கு மெஸ்மர் சொன்ன காரணம் எளிது. உடம்பு முழுக்கக் கறுப்பென்றால் உள்ளே நிறையக் கோடுகள் போட வேண்டாம். ஓடும்போது கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். மயிர், மடிப்பு, நிழல் எதுவும் தேவையில்லை. அதில் கிடைத்த லாபம் என்னவென்றால், கறுப்புப் பூனையைத் திரையின் எந்த மூலையில் நிறுத்தினாலும் அதன் உருவம் நிழலைப் போலத் தெளிவாகத் தெரியும். முகத்தைப் பார்க்காமலே அதற்குக் கோபமா கவலையா என்று சொல்லிவிடலாம். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, முன்னும் பின்னும் நடக்கும் ஃபீலிக்ஸின் ‘யோசனை நடை’ அப்படித்தான் புகழ்பெற்றது. அதன் தலைக்கு மேலே ஒரு கேள்விக்குறி தோன்றும். ஃபீலிக்ஸ் அதை எட்டிப் பறித்துக் கொக்கியாகப் பயன்படுத்திக்கொள்ளும். கேள்வியே விடையாகிவிடுகிறது, இந்த ஒரு நகைச்சுவைக்காகவே மெஸ்மருக்குக் கோயில் கட்டலாம்.

இந்தக் கறுப்புக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. 1928-இல் நியூயார்க்கில் ஆர்சிஏ நிறுவனம் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியபோது, கேமராவுக்கு முன்னால் சுழலும் மேடையில் நிறுத்தியது ஒரு ஃபீலிக்ஸ் பொம்மையைத்தான். தொலைக்காட்சிப் படம் வரிவரியான கோடுகளால் ஆனது, அன்றைக்கு மொத்தமே 60 கோடுகள். மனித முகம் அதில் மங்கிப் போகும், கூடவே அந்த விளக்குகளின் சூட்டில் மணிக்கணக்காக யார் நிற்பார்? ஃபீலிக்ஸ் நின்றது.

அடுத்தது கை கால். பழைய கார்ட்டூன்களைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது, யாருக்கும் முழங்கையும் இல்லை முழங்காலும் இல்லை என்பது. தண்ணீர்க் குழாய் மாதிரி வளைந்து நெளியும் கைகள். இதற்கு ‘ரப்பர் குழாய் பாணி’ என்றே பெயர். இதைக் கொண்டுவந்தவர்களில் பில் நோலன் முக்கியமானவர். மூட்டு வைத்து வரைந்தால் ஒவ்வொரு சித்திரத்திலும் எலும்பின் நீளம், மடியும் கோணம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். குழாய் என்றால் ஒரு வளைகோடு, முடிந்தது வேலை. வேகமாகவும் வரையலாம், அசைவும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மூட்டை எடுத்துவிட்டதும் வேறொன்றும் நடந்துவிட்டது. எலும்பில்லாதவனுக்கு அடிபடாது. ஆஸ்வால்ட் நனைந்துபோனால் தன்னையே துணி மாதிரி முறுக்கிப் பிழிந்துகொள்ளும். கதவில் மாட்டினால் தட்டையாகும், இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். வலியே இல்லாத உடம்பு கிடைத்ததால், எவ்வளவு முரட்டுத்தனமான வேடிக்கைக்கும் குழந்தை சிரிக்கும்.

உருண்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை ஓர் உருண்டை, வயிறு ஓர் உருண்டை, காது இரண்டு உருண்டை. யார் வரைந்தாலும் ஒரே மாதிரி வரும் என்பதால் பத்துப் பேர் சேர்ந்து வரையும் இடத்தில் இது வசதி. மிக்கியின் காதுகளைக் கவனியுங்கள். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதும் முழு வட்டமாகவே தெரியும். நிஜத்தில் அப்படி ஒரு தலை இருக்க முடியாது. காகிதத்தில் மட்டுமே சாத்தியமான தலை அது. கண்மணியில் பலகாரத் துண்டு போல முக்கோணமாக வெட்டி எடுத்திருப்பார்களே, அதுவும் அப்படித்தான். பெரிய கறுப்புக் கண்மணி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்ட அந்த ஒரு வெட்டு போதுமானதாக இருந்தது.

1928 வரை இதெல்லாம் மௌனமாக நடந்தது. தியேட்டரில் யாராவது பியானோ வாசிப்பார்கள், அது படத்தோடு பொருந்தினால் பொருந்தும். அந்த ஆண்டு வால்ட் டிஸ்னி தன் ஆஸ்வால்ட் முயலை இழந்திருந்தார். பாத்திரத்தின் உரிமை விநியோகம் செய்தவர்கள் கையில் இருந்தது. வரைந்தவர்களில் பெரும்பாலோரையும் அவர்களே இழுத்துக்கொண்டார்கள். டிஸ்னியோடு நின்றவர் அப் ஐவெர்க்ஸ். மிக்கியின் தொடக்கப் படங்களை ஏறக்குறைய தனி ஆளாக வரைந்தவர் அவர்தான். அவருடைய வேகத்தைப் பற்றித் தொழிலில் இருந்தவர்கள் பிற்பாடு கதை கதையாகச் சொன்னார்கள். மிக்கியின் முதல் இரண்டு படங்களை வாங்க ஆளில்லை. மூன்றாவதான ‘ஸ்டீம்போட் வில்லி’யை ஒலியோடு வெளியிடுவது என்று முடிவு செய்தார் டிஸ்னி.

ஒலியைப் படத்தோடு எப்படிப் பொருத்துவது? ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்திருந்த வில்ஃபிரட் ஜாக்சனின் அம்மா பியானோ ஆசிரியை. அதனால் அவருக்கு மெட்ரோனோம் தெரியும், டிக் டிக் என்று தாளம் தட்டுமே, அந்தக் கருவி. தாளத்தின் வேகத்தை முதலில் முடிவு செய்துவிட்டால், ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப வரையலாம் என்றார். நொடிக்கு 24 பிரேம் ஓடும்போது ஒரு தட்டுக்கு 12 பிரேம் என்றால், நிமிடத்துக்கு 120 தட்டு. பாதம் தரையில் படும் சித்திரம் 12-ஆவது பிரேமில் வர வேண்டும், அவ்வளவுதான். படம் பாதி முடிந்த நிலையில் ஓர் இரவு சோதித்துப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசிக்க, மற்றவர்கள் சட்டிகளையும் பானைகளையும் தட்ட, விசிலடிக்க, எதிரே அவர்களுடைய மனைவிமார் உட்கார்ந்து பார்த்தார்கள். நியூயார்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு சொதப்பியது. இசைக்குழு படத்தின் வேகத்தைப் பிடிக்கவில்லை. இரண்டாவது பதிவுக்காக டிஸ்னி தன் காரை விற்றார். இந்த முறை தாளம் காட்டும் பந்து ஒன்று ஃபிலிமிலேயே குதித்தது. இசை நடத்துநர் அதைப் பார்த்துக் கோலசைத்தார். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் படம் வெளியாயிற்று.

அந்தப் படத்தில் ஓர் ஆடு இசைத்தாள்களையும் கருவியையும் தின்றுவிடுகிறது. வாயைத் திறந்து வாலைச் சுழற்றினால் ஆட்டுக்குள்ளிருந்து பாட்டு வருகிறது. அப்புறம் மிக்கி கப்பலில் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறான். மாட்டின் பற்கள் சைலஃபோன் ஆகின்றன. ஃபீலிக்ஸின் வால் கைத்தடியானதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே எல்லாமே மை. இங்கே எல்லாமே வாத்தியம். அடுத்த ஆண்டே ஐவெர்க்ஸ் வரைந்த ‘எலும்புக்கூட்டு நடன’த்தில் ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பைத் தட்டி வாசிக்கிறது. அந்தப் படத்துக்கான யோசனையைத் தந்தவர் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங். இசை முன்னே நடக்க, சித்திரம் பின்னால் வந்தது.

இந்தப் பழக்கம் தொடர்ந்ததால்தான் 1930களின் தொடக்கக் கார்ட்டூன்களில் யாரும் சும்மா நிற்பதில்லை. ஒருவர் பேசினால் பக்கத்தில் நிற்பவர் முழங்கால் ஆட்டிக்கொண்டிருப்பார். மரம் ஆடும், வீடு ஆடும், அடுப்பில் பாத்திரம் ஆடும். என் அக்கா மகள் ஒரு பழைய படத்தைப் பார்த்துவிட்டு, “இவங்க எல்லாருக்கும் ஒண்ணுக்கு வருதா மாமா?” என்று கேட்டாள். தாளத்தை விளக்கி முடிப்பதற்குள் அவளும் ஆடத் தொடங்கியிருந்தாள்.

டிஸ்னி பெயர் பெரியது. ஆனால் கறுப்பு வெள்ளையின் ருசி முழுவதும் வேண்டுமென்றால் நியூயார்க்கின் ஃப்ளைஷர் சகோதரர்களிடம் போக வேண்டும். இது என் சொந்த விருப்பம், சண்டைக்கு வரலாம். மேக்ஸ் ஃப்ளைஷர் கருவிகளில் கிறுக்குப் பிடித்தவர். நிஜ மனிதரைப் படமெடுத்து, அந்த ஃபிலிமை ஒவ்வொரு பிரேமாகக் கண்ணாடிமேல் விழவைத்து, அதன்மேல் வரையும் ‘ரோட்டோஸ்கோப்’ என்ற கருவிக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். தம்பி டேவ் கோமாளி உடையில் ஆட, அதைப் பார்த்து வரைந்ததில் பிறந்தவன் கோகோ. ஒவ்வொரு படத்திலும் மேக்ஸ் நிஜ மனிதராகத் தன் மேசையில் உட்கார்ந்திருப்பார். மைக்கூட்டிலிருந்து கோகோ எழுந்து வருவான். அவரைப் படாத பாடு படுத்துவான். கடைசியில் மைக்கூட்டுக்குள் திரும்பிவிடுவான். தான் மைதான் என்று கோகோவுக்கே தெரியும். 1924-இல் பாட்டு வரிகளின் மேல் பந்து குதித்துக் குதித்துப் போக, தியேட்டரே சேர்ந்து பாடும் படங்களையும் இவர்கள் எடுத்தார்கள்.

பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பாத்திரம் இவர்கள் வீட்டுப் பெண். 1930-இல் நாய்க் காதுகளோடு வந்தாள்; 1932 வாக்கில் அந்தக் காதுகள் தொங்கட்டான்களாகி அவள் மனுஷியானாள். அவள் நடித்த ‘ஸ்னோ ஒயிட்’ 1933-இல் வந்தது, டிஸ்னியின் முழுநீளப் படத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. ரோலண்ட் கிராண்டல் என்ற ஒருவரே அதன் அசைவுகள் ஏறக்குறைய அனைத்தையும் வரைந்தார். அதில் கோகோ நீண்ட கால்களுள்ள பேயாக மாறி ஒரு சோகப் பாட்டுப் பாடுகிறான். குரல் ஜாஸ் பாடகர் கேப் காலோவேயுடையது. வழுக்கிக்கொண்டு போகும் அந்த நடனமும் அவருடையதே, ரோட்டோஸ்கோப்பில் பிடித்தது. பாட்டில் தங்க நாணயம் என்ற சொல் வரும்போது பேயின் உடம்பே சங்கிலியில் தொங்கும் நாணயமாகிறது. மது என்னும்போது புட்டியாகிறது. பின்னால் குகைச் சுவர்களில் எலும்புகளும் மண்டையோடுகளும் சாம்பல் நிறத்தின் பல படிகளில் மிக நுணுக்கமாக வரையப்பட்டிருக்கின்றன. அந்தச் சாம்பலுக்கு முன்னால் தட்டையான வெள்ளைப் பேய் மிதக்கிறது. இதற்கு வண்ணம் எதற்கு?

டிஸ்னி படங்களில் எல்லாம் துடைத்து வைத்தது போல இருக்கும். ஃப்ளைஷர் படங்களில் திரையின் மூலைகளிலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். பேச்சும் அப்படி. இவர்கள் பெரும்பாலும் படத்தை வரைந்து முடித்த பிறகே குரலைப் பதிவு செய்தார்கள். அதனால்தான் பாப்பாய் மாலுமி வாயசைக்காமலே தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். குரல் கொடுத்த ஜாக் மெர்சர் அந்த நேரத்தில் தோன்றியதையெல்லாம் சேர்த்து முணுமுணுத்தார். பல இடங்களில் எழுதிய வசனத்தைவிட முணுமுணுப்புத்தான் சிரிப்பு.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. அன்றைய அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடைக்கூத்து பெரிய வியாபாரம். கார்ட்டூன்களும் அந்த மேடையிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. கறுப்பு முகம், அகன்ற வாய், 1929-இல் மிக்கிக்கு வந்து சேர்ந்த வெள்ளைக் கையுறை எல்லாவற்றிலும் அந்தச் சாயல் இருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை தெரியாது, அதனால் கையுறை என்ற தொழில் காரணமும் உண்மைதான். ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. போஸ்கோ என்ற பாத்திரத்தின் முதல் படங்களில் கேலி வெளிப்படையாகவே இருக்கிறது. கறுப்பின மக்களையும் சீனர்களையும் யூதர்களையும் காட்டும் விதத்தில் இன்று பார்க்கக் கூசும் காட்சிகள் பல ஸ்டுடியோக்களின் படங்களில் உண்டு. குழந்தைகளோடு பார்க்கிறவர்கள் முதலில் தனியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் காலம் ஏன் முடிந்தது? 1932-இல் டிஸ்னி முழு வண்ண டெக்னிக்கலரில் ‘பூக்களும் மரங்களும்’ படத்தை வெளியிட்டார். அந்த முறையைக் கார்ட்டூனில் பயன்படுத்தும் உரிமையையும் சில ஆண்டுகளுக்குத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1934-இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகின. பெட்டி பூப்பின் பாவாடை நீண்டது, குறும்பு குறைந்தது. டிஸ்னி ஸ்டுடியோவில் உடற்கூறு வகுப்புகள் நடந்தன. மரத்துக்கு மரத்தின் எடை, மானுக்கு மானின் எலும்பு என்று ஆயிற்று. அதில் வேறொரு அழகு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் மான் இனி பெட்டியாக மாற முடியாது. பச்சை மரம், பழுப்பு மான், நீலத் தண்ணீர் என்று வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாள அட்டை கொடுத்துவிட்டது. பணம் குறைவான இடங்களில் மட்டும் கறுப்பு வெள்ளை இன்னும் சில காலம் ஓடியது. பாப்பாயும் வார்னர் நிறுவனத்தின் லூனி டியூன்ஸும் 1943 வரை அப்படியே வந்தன.

பிற்பாடு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது இந்தப் படங்களை விற்க முடியவில்லை. 1960களின் இறுதியிலிருந்து பழைய படங்களைக் கொரியாவுக்கு அனுப்பி, பிரேம்களைக் கையால் படியெடுத்து வண்ணம் பூசி வாங்கினார்கள். செலவு மிச்சம் பிடிக்கப் பல சித்திரங்களை விட்டுவிட்டார்கள். பின்னணியின் சாம்பல் நுணுக்கமெல்லாம் போய் மொட்டைச் சுவரானது. அசைவு தடுக்கித் தடுக்கி விழுந்தது. இணையத்தில் பழைய கார்ட்டூன் தேடும்போது வெளிறிய வண்ணத்தில், ஏதோ நொண்டுவது போல ஒன்று கிடைத்தால் அது இந்த வகையாக இருக்கலாம். அதை மூடிவிட்டுக் கறுப்பு வெள்ளையைத் தேடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பேசும் படங்களிலிருந்து பின்னோக்கிப் போவதே எளிது. ‘ஸ்டீம்போட் வில்லி’ 2024-இலும் ‘எலும்புக்கூட்டு நடனம்’ 2025-இலும் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையாகிவிட்டன. இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். பிறகு பெட்டி பூப்பின் ‘ஸ்னோ ஒயிட்’. கோகோ பாடும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், உடம்பு ஒரு பொருளிலிருந்து இன்னொன்றாக மாறும் நடுநிலைச் சித்திரங்கள் தனியாகவே சிரிப்பு மூட்டும். அதன்பின் ஃபீலிக்ஸ். மௌனப் படத்தில் பின்னால் சேர்த்த இசை பொருந்தவில்லை என்றால் ஒலியை அணைத்துவிடுங்கள், ஒன்றும் குறையாது. கெர்ட்டியைப் பார்க்கும்போது பாறைகள் நடுங்குவதை மறக்காமல் கவனியுங்கள். கடைசியாக எமில் கோல். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.